2 இன்ச் லிஃப்ட் போட்ட பிக்கப்பில் ஹெட்லைட் மட்டம் நிற்கவில்லை: சென்சாரா, மோட்டாரா?

பீடோர் பிக்கப்:

வணக்கம். வண்டி டபுள் கேப் பிக்கப், எல்இடி புரொஜெக்டர் ஹெட்லைட். லெவலிங் தானியங்கி, டேஷ்போர்டில் டயல் கிடையாது. ஓட்டம் பாதி மலேசியாவின் பேராக்கில் பீடோர்–லங்காப்–தெலுக் இந்தான் தார்ச்சாலை, பாதி செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. முன்னும் பின்னும் 2 இன்ச் லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தியிருக்கிறது.

லிஃப்ட் போட்டதிலிருந்து லோ பீமிலேயே போனாலும் எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துக் காட்டுகிறார்கள். பட்டறையில் ஹெட்லைட் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கினார்கள். இப்போது வெறும் வண்டியில் சரியாகத்தான் தெரிகிறது. உரமூட்டையோ செம்பனைக் குலையோ ஏற்றினால் மறுபடியும் மேலே போகிறது. வலது பக்க லைட் இடதைவிடக் கீழே விழுகிறது, மேடு பள்ளத்தில் நடுங்குகிறது. நல்ல மழைக்குப் பிறகு லெவலிங் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்து, ஓரிரு நாளில் தானாக அணைகிறது.

எதை முதலில் பார்ப்பது? ஹெட்லைட் முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

லங்காப் வயரிங்:

தம்பி, இது ஒரு பழுது இல்லை, மூன்று. லிஃப்ட்டால் வந்தது ஒன்று, வலது லைட்டுக்குள் இருப்பது ஒன்று, பின்னால் சென்சார் வயரில் இருப்பது ஒன்று. மூன்றையும் அந்த ஒரே ஸ்க்ரூவில் தீர்க்கப் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம். அந்த ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

பெரும்பாலான பிக்கப்பில் உயர சென்சார் பின்னால் மட்டும்தான். சேசிஸில் சென்சார், அதிலிருந்து ஒரு சின்ன லீவர், லீவரிலிருந்து ஒரு ராடு அச்சுக்குப் போகும். சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், லீவர் திரும்பும், ஈசியு (கட்டுப்பாட்டுக் கணினி) அதைப் பார்த்து இரண்டு ஹெட்லைட்டையும் இறக்கும். முன்பக்க உயரம் மாறாது என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது.

முன்னும் பின்னும் 50 மி.மீ. தூக்கினால் வண்டி சாயவில்லை. ஆனால் சென்சாருக்குத் தெரிவது பின்பக்கம் உயர்ந்தது மட்டும். “பின்னால் தூக்கிவிட்டது, வெளிச்சம் தரையில் குத்தும்” என்று ஈசியு விளக்கை மேலே தூக்குகிறது. எதிரே வருகிறவர் ஹை பீம் அடிப்பது அதனால்தான்.

முந்தைய டிரைட்டன் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 3000 மி.மீ., ஹைலக்ஸ் 3085, இப்போதைய டி-மேக்ஸ் 3125. ஹைலக்ஸ் கணக்கில் 50 மி.மீ. என்றால் சுமார் 1.6 சதவீதம், அதாவது 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 16 செ.மீ. லோ பீமுக்குக் கொடுக்கும் சாய்வே 1 முதல் 1.5 சதவீதம்தான். பின்பக்கம் வெறும் 30 மி.மீ. அமுங்கினாலே 1 சதவீதச் சாய்வு காலி.

ஸ்க்ரூவை இறக்கியும் சுமையில் ஏன் மேலே போகிறது? லெவலிங் மோட்டாருக்குக் கீழே இறங்கத்தான் இடம் அதிகம், மேலே கொஞ்சம்தான். வெறும் வண்டியில் அது மேல் எல்லையில் முட்டி நிற்கிறது. அந்த நிலையை வைத்துப் பட்டறையில் இறக்கியிருக்கிறார்கள். சுமை ஏற்றிப் பின்பக்கம் 50 மி.மீ. அமுங்கும்போது வண்டியின் மூக்கு 1.6 சதவீதம் தூக்குகிறது. மோட்டாரோ முட்டி நின்ற இடத்திலிருந்து பழைய நடுநிலைக்கு வரும் அளவுதான் இறங்குகிறது. மிச்சம் முழுக்க எதிரே வருகிறவர் கண்ணில்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் கீழே போய் ராடைப் பாருங்கள். சமதரையில் வெறும் வண்டி நிற்கும்போது லீவர் தன் ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். லிஃப்ட் போட்ட வண்டியில் லீவரும் ராடும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி விட்டால் ஒரு பெரிய பள்ளத்தில் அச்சு தொங்கும்போது லீவர் மறுபக்கம் புரண்டுவிடும். புரண்ட பிறகு எல்லாம் தலைகீழ்: சுமை ஏற்ற ஏற்ற விளக்கு மேலே போகும். சில வண்டியில் ராடு வளைந்துவிடும், அல்லது முனையில் உள்ள பந்து மூட்டு கழன்றுவிடும்.

தீர்வு ராடை நீட்டுவது. சென்சார் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் தூக்கிய அளவே நீட்ட வேண்டும், 2 இன்ச் லிஃப்ட்டுக்கு 50 மி.மீ. நீளம் மாற்றக்கூடிய ராடு கடையில் கிடைக்கிறது. பந்து மூட்டின் அளவைப் பார்த்து வாங்குங்கள். நட்டு பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனருக்கு வரும். மூட்டு இறுகியிருந்தால் லீவரைப் பிடித்து நெம்ப வேண்டாம். துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள். லீவரின் தண்டு உடைந்தால் சென்சாரே போச்சு.

தாப்பா ஸ்பேர்:

ராடு வாங்கும் வரைக்கும் லீவரை நடுவில் வைத்து கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாமே? எச்சரிக்கை விளக்கும் வராது. தோட்டத்து வண்டிகளில் நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

லங்காப் வயரிங்:

உடைந்த இடத்திலிருந்து வீடு வரைக்கும் சரி. அதற்கு மேல் கூடாது. கட்டிய லீவர் சுமையைப் பார்க்காது. வெறும் வண்டியில் நீங்கள் வைத்த மட்டம் ஒரு டன் ஏற்றியதும் வானத்தைப் பார்க்கும். லங்காப் பக்கம் இரவில் எதிரே வருவதில் பாதி மோட்டார் சைக்கிள். கண் கூசி இரண்டு வினாடி ஓரத்தைத் தவறவிட்டாலே அவன் கால்வாயில். மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதால் மட்டம் சரி என்று ஆகாது. சென்சார் வோல்ட் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் ஈசியு பார்க்கும்.

செம்மண் தடம்:

வலது லைட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டுக்கும் சிக்னல் ஒரே சென்சாரிலிருந்துதான் போகிறது. ஒன்று மட்டும் இறங்கி, அதுவும் நடுங்கினால், பழுது அந்த லைட்டில்தான்.

லைட்டைப் போட்டு வெளிச்சத்தைச் சுவரில் விழவிட்டு, பக்கத்து மட்கார்டை உள்ளங்கையால் தட்டுங்கள். அடுத்து ஹெட்லைட் கூட்டையே பிடித்து ஆட்டுங்கள். கூடு முழுசாக ஆடினால் அதை வண்டியில் மாட்டும் காதுகள் உடைந்திருக்கலாம், அல்லது கிளிப் உட்காராமல் இருக்கலாம். புல் பார் மாட்டும்போது பம்பரைக் கழற்றி, மறுபடி போடும்போது ஓரத்துக் கிளிப்பை உட்கார வைக்காமல் விடுவது சகஜம். கிளிப் மட்டும்தான் என்றால் செலவே இல்லை. பம்பரைத் தளர்த்திக் கிளிப்பில் உட்கார வைத்தால் போதும். உடைந்த காதை, கம்பிவலையைச் சூட்டுக்கோலால் பிளாஸ்டிக்குள் பதித்து ஒட்டலாம், தாங்கும்.

கூடு ஆடாமல் வெளிச்சம் மட்டும் நடுங்கினால் உள்ளே பந்து மூட்டு. லெவலிங் மோட்டாரின் தண்டு முனையில் ஒரு பந்து இருக்கும், அது புரொஜெக்டர் தாங்கியில் உள்ள பிளாஸ்டிக் குழியில் சொடுக்கி உட்காரும். செம்மண் பாதையின் அதிர்வில் அந்தக் குழியின் உதடு விரிந்துவிடும் அல்லது உடையும். புரொஜெக்டர் தன் எடையில் கீழே சாயும். உங்கள் வலது லைட் கீழே விழுவது இதனோடு பொருந்துகிறது.

மோட்டாரைச் சோதிக்க இக்னிஷன் போட்டு லோ பீமை எரியவிடுங்கள். பல வண்டிகளில் ஆரம்பத்தில் விளக்கு ஒருமுறை இறங்கி ஏறும். உதவிக்கு ஒருவரைச் சுவரருகே நிற்கவைத்து, நீங்கள் ஹெட்லைட்டின் பின்னால் காதை வையுங்கள். சத்தம் வந்து வெளிச்சம் நகராவிட்டால் பந்து கழன்றது. சத்தமும் இல்லை என்றால் மோட்டார் அல்லது வயர். மோட்டார் தனியாகக் கழலும் மாடலில் இடது மோட்டாரை வலதில் மாட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். டயல் உள்ள பழைய வண்டிகளுக்கும் இதே சோதனைதான். அங்கே இரண்டு பக்கமும் அசையாவிட்டால் ஃபியூஸ், டயல், எர்த் மூன்றையும் முதலில் பாருங்கள்.

குழி விரிந்திருந்தால் சூப்பர் குளூ ஊற்ற வேண்டாம். மூட்டு அசைய முடியாமல் மோட்டாரின் பல் தேயும். அதன் ஆவி லென்ஸின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், துடைக்கவும் முடியாது. குழித் துண்டு தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள். அதற்குக் கூட்டைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் எந்தப் பசை என்று பாருங்கள். கறுப்பு பியூட்டைல் (ரப்பர் பசை) சூட்டில் இளகும். கடினப் பசை போட்ட கூடு இளகாது, நெம்பினால் லென்ஸ் வெடிக்கும். அந்த வகைக்கு ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) முழு லைட் தேடுவதுதான் வழி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம், வெளிச்சக் கோடு இடது ஓரத்தில்தான் மேலே ஏற வேண்டும். ஜப்பான், தாய்லாந்து லைட் சரியாக இருக்கும். வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த லைட் இணையத்தில் மலிவாக வரும். அதன் கோடு வலது பக்கம் ஏறி நேராக எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். எந்த ஸ்க்ரூவாலும் அதைத் திருத்த முடியாது.

பீடோர் பிக்கப்:

நன்றி அண்ணா. பார்த்தேன், ராடு நீங்கள் சொன்ன மாதிரியே நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. வலது லைட் கூடு ஆடவில்லை, ஆரம்பத்தில் சத்தம் வருகிறது, வெளிச்சம் நகரவில்லை. சென்சாரை மல்ட்டிமீட்டரில் எப்படிச் சோதிப்பது? மட்டம் வைக்கப் புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்துக்குத்தான் போக வேண்டுமா?

லங்காப் வயரிங்:

சத்தம் வந்து நகரவில்லை என்றால் பந்து மூட்டுதான். செம்மண் தடம் சொன்னதைச் செய்யுங்கள்.

சென்சாருக்கு வழக்கமாக மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி நுழைத்து அளந்து பாருங்கள், இக்னிஷன் ஆனில். 5 வோல்ட் வரவில்லை என்றால் உடனே சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், வயர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 வந்தால், ராடை லீவரிலிருந்து கழற்றிவிட்டு லீவரைக் கையால் மெதுவாக முழு ஓட்டமும் ஓட்டுங்கள். நடுவில் சுமார் 2.5, ஓரங்களில் 0.5, 4.5 அருகே என்று வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். எங்காவது சட்டென்று விழுந்தாலோ குதித்தாலோ சென்சார் தேய்ந்தது.

மழைக்குப் பிறகு மட்டும் விளக்கு எரிகிறதென்றால் எனக்குச் சந்தேகம் கனெக்டர் மேல்தான். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) மெல்லியதாகத் தடவுங்கள். சேசிஸுக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் சீலை ஊதவைக்கும். லிஃப்ட் போட்ட பிறகு வயர் இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள், வளையும் இடத்தில் தோல் வெடித்து உள்ளே செம்பு கறுத்திருக்கும். கழுவும்போது பிரஷர் தண்ணீரை அந்த இடத்தில் நேராக அடிக்க வேண்டாம்.

ராடு போட்டதும் ஜீரோ பாயின்ட் பதிய வேண்டும், அதாவது இதுதான் வெறும் வண்டியின் நிலை என்று ஈசியுவுக்குச் சொல்ல வேண்டும். டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், மிட்சுபிஷிக்கு எம்யுடி-3 போன்ற ஸ்கேனர் உள்ள போமனிடம் (மெக்கானிக்கிடம்) போங்கள். மலிவு புளூடூத் ரீடர் இதற்கு உதவாது. பதியும்போது சமதரை, வெறும் வண்டி, டயர் காற்று கதவில் ஒட்டியிருக்கும் அளவு. பின் டயரில் சுமைக்கு அடித்த கூடுதல் காற்றை இறக்கிவிடுங்கள்.

செம்மண் தடம்:

சுவரில் மட்டம் வைப்பது ஜீரோ பதிந்த பிறகுதான். முன்னாடி வைத்தால் பதியும்போது ஈசியு அதைக் கலைத்துவிடும்.

தரைதான் பெரிய பிரச்சினை. பெட்ரோல் நிலையத் தரை தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டது, நம்ப முடியாது. தோட்டத்துச் சிமெண்டுத் தாக்ரோ (காலால் ஆடும் பிரம்புப்பந்து) திடல், கேட்டுக்கொண்டு பயன்படுத்தினால், நல்ல இடம். பக்கக் கோட்டை வைத்து வண்டியை நேராகவும் நிறுத்தலாம். சுவர் இல்லையென்றால் வெள்ளைப் பிளைவுட் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். முன் சக்கரம், பின் சக்கரம், பலகையின் அடி மூன்றும் ஒரே மட்டமா என்று கொத்தனாரின் டியூப் லெவலால் பாருங்கள். 3 மீட்டரில் 1 செ.மீ. வாட்டம் இருந்தாலே 0.3 சதவீதம் தப்பும்.

லைட்டுக்கும் பலகைக்கும் 10 மீட்டர். தரையிலிருந்து புரொஜெக்டரின் நடுவரை உயரம் அளந்து பலகையில் குறியுங்கள். எவ்வளவு இறக்குவது என்பது வண்டியிலேயே இருக்கும்: பானெட்டுக்குள்ளோ ஹெட்லைட் கூட்டிலோ சின்ன விளக்குப் படத்தோடு 1.0% அல்லது 1.3% என்று அச்சிட்டிருக்கும். 1.3 என்றால் 10 மீட்டரில் 13 செ.மீ. ஆனால் லிஃப்ட்டுக்குப் பிறகு உங்கள் லைட் 1 மீட்டருக்கு மேலே போயிருந்தால், வாகன விளக்குகளுக்கான ஐநா விதி எண் 48 ஆரம்ப மட்டமாகக் கேட்பது 1.5 முதல் 2 சதவீதம். 105 செ.மீ. உயரத்தில் 1.5 வைத்தால் வெளிச்சக் கோடு 70 மீட்டரில் தரையைத் தொடும், 2 வைத்தால் 52 மீட்டரில். நான் 1.5 வைக்கச் சொல்வேன்.

ஒரு லைட்டைத் துணியால் மூடி மற்றதைச் சரிசெய்யுங்கள். எல்இடி சூடாகும், துணியைத் தள்ளித் தொங்கவிடுங்கள். ஸ்க்ரூ இப்போது நிற்கும் இடத்தை வெள்ளை மார்க்கரால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டறையில் இறக்கியதால் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். எப்போதும் கொஞ்சம் அதிகமாக இறக்கி, மேலே ஏற்றி முடியுங்கள். அப்போதுதான் ஸ்க்ரூவின் தளர்வு அடைபடும், அதிர்வில் இறங்காது.

கடைசியில் வழக்கமாக ஏற்றும் அளவு உரமூட்டையைப் பின்னால் ஏற்றி, அதே இடத்தில் நிறுத்தி, இக்னிஷனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கோடு வெறும் வண்டியில் நின்ற இடத்திலிருந்து ஓரிரு செ.மீ. தள்ளினால் பரவாயில்லை. 5 செ.மீ.க்கு மேல் ஏறினால் ராடு நீளத்தை மறுபடி பாருங்கள். ராடு சரியாக இருந்தும் ஏறினால் பின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, மோட்டாரின் எல்லையைத் தாண்டி அமுங்குகிறது. அதற்கு ஸ்பிரிங்கில் ஒரு துணைப் பட்டை போடாமல் ஹெட்லைட்டில் செய்ய ஒன்றுமில்லை.

புஸ்பாகோம் சோதனைக்குப் போகிறீர்கள் என்றால் லிஃப்ட்டுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் லைட் மட்டம் சரியாக இருந்தும் வண்டி சோதனையில் தேறாமல் போகலாம்.