‘ரிஃப்’ என்பதற்கு ‘மடக்கு’: மவுத் ஆர்கன் பாடத்துக்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வந்து அதைத் தாங்கும் சிறு இசைத்தொடரை ‘ரிஃப்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நான் தொடங்கிய இழைக்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. யாருடைய பரிந்துரையையும் படிக்காமல் தள்ளவில்லை என்பதற்காகவே இந்த மடல் நீள்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேருக்கு மவுத் ஆர்கன் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துத் துளை உள்ள சாதாரண வாத்தியம், ஒரு கட்டைச் சுருதி (மேற்கத்திய C). பாடத்தாள்களைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஊதும் சுரத்துக்கு ‘ஊ’, இழுக்கும் சுரத்துக்கு ‘இ’, பக்கத்தில் துளையின் எண். ‘ஊ4’ என்றால் நான்காம் துளையில் ஊது, ‘இ2’ என்றால் இரண்டாம் துளையில் இழு. மூன்று தாள்கள் தடையில்லாமல் வந்தன. நான்காவது தாளில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸிலிருந்து எளிய ரிஃப் ஒன்றை வைத்தேன். தலைப்பு எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

முதலில் அந்த ரிஃப்பையே உங்கள் முன் வைக்கிறேன். இ2, ஊ4, இ2, இ3, இ2. ஐந்தே சுரங்கள். இவற்றில் இ3 மட்டும் அரைச் சுரம் கீழே இறங்கி ஒலிக்க வேண்டும். இ2-ஐச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, ம, ச, க, ச. அந்தக் காந்தாரம், கர்நாடக இசையில் ‘சாதாரண காந்தாரம்’ எனப்படுவது, அந்தர காந்தாரத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ளது. பழந்தமிழ்ப் பெயர்களில் குரல், உழை, குரல், கைக்கிளை, குரல். 1950களின் சிகாகோவில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் போன்றவர்கள் இதைப் போன்ற சிறு தொடர்களின் மேல்தான் முழுப் பாட்டையும் நிறுத்தினார்கள். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து இந்தத் தொடரை வாசித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்த வெற்றிடத்தில் பாடகர் ஒரு வரியை வைப்பார். மறுபடியும் தொடர், மறுபடியும் நிறுத்தம், மறுபடியும் ஒரு வரி. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ஓசை குறையாமல் அதை வாங்கிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் உடனே பிடிபடும்.

இனி வந்த சொற்கள். ‘இசைத்துணுக்கு’ எனக்கு ஒப்புதல் இல்லை. துணுக்கு என்றால் ஒன்றிலிருந்து உதிர்ந்தது. ரிஃப் உதிர்ந்தது அல்ல, பாட்டைத் தாங்கி நிற்பது. ‘பல்லவி’ என்றார் கோவை ஐயா. பல்லவி சரணம் முடிந்த பிறகு திரும்பி வரும். ரிஃப் சரணத்துக்கு உள்ளேயே, பாடகர் பாடும்போதே ஓடிக்கொண்டிருக்கும். ‘பிடி’ அழகான சொல். ஆனால் ஓர் இராகத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் சுரச்சேர்க்கைக்கு அந்தப் பெயர் நெடுநாளாக இருக்கிறது. ப்ளூஸ்காரர்கள் பாட்டின் இடுக்குகளில் ஒரே ஒருமுறை செருகிவிட்டுப் போகும் சிறு சொகுசுத் தொடருக்கு, அவர்கள் ‘லிக்’ என்கிறார்களே, அதற்குப் ‘பிடி’யைக் கொடுக்கலாம். எஞ்சியது யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன ‘மீளிசை’. இதோடு நான் இரண்டு நாள் வாழ்ந்து பார்த்தேன். பொருள் சரி, ஓசையும் நன்று. ஆனால் திரும்ப வருவது மட்டும்தான் ரிஃப்பின் இயல்பு என்றால் கடிகாரத்தின் மணியோசையும் ரிஃப் ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ‘மடக்கு’ தோன்றியது.

பன்னிரண்டு கட்ட ப்ளூஸின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு தட்டு. முதல் நான்கு கட்டம் கிடார்காரர் சட்ஜத்தை அடியாகக் கொண்ட சுரக்கூட்டை (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களை) மீட்டுவார். ஐந்தாவது, ஆறாவது கட்டங்களில் மத்தியமத்தை அடியாகக் கொண்டதற்கு மாறுவார். ஏழு, எட்டில் திரும்பச் சட்ஜம். ஒன்பதில் பஞ்சமம், பத்தில் மத்தியமம், கடைசி இரண்டில் சட்ஜத்துக்கு வீடு திரும்பல். மவுத் ஆர்கன் வாசிப்பவர் முதல் எட்டுக் கட்டமும் அதே ஐந்து சுரத்தைத்தான் வாசிக்கிறார். உதடு அதே துளைகளில், மூச்சும் அதே போக்கில். ஆனால் ஐந்தாவது கட்டத்தில் கிடார் மத்தியமத்துக்கு மாறியவுடன் காதுக்கு அந்த மத்தியமமே அடித்தளம் ஆகிவிடுகிறது. இவர் வாசித்த ச, ம, ச, க, ச இப்போது ப, ச, ப, நி, ப என்று கேட்கிறது. சற்று முன் ஏங்கி நின்ற காந்தாரம் இப்போது நிஷாதமாகி அந்தச் சுரக்கூட்டுக்குள்ளேயே பொருந்தி அமர்கிறது. ஓசை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியில் முதலாவதாக மடக்கைத்தான் வைக்கிறது. வந்த எழுத்துக்கூட்டமே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது மடக்கு. ‘மாலை வந்தது, மாலை வாடியது’ என்று எழுதினால் முதல் மாலை பொழுது, இரண்டாவது பூ. திருஞானசம்பந்தரின் ஏகபாதத்தில் ஒரே அடி நான்கு முறை வந்து நான்கு பொருள் தருகிறது. அதைப் பாடிக் கேட்கும்போது முதல் அடியும் நான்காம் அடியும் ஒன்றே என்று செவி சொல்லும், ஒன்றல்ல என்று மனம் சொல்லும். ப்ளூஸ் பாட்டின் சொல்லமைப்பிலும் இதே வழக்கம் உண்டு. முதல் வரியைப் பாடுவார்கள். அதே வரியை, கீழே சுரக்கூட்டு மாறிய பிறகு, மறுபடி பாடுவார்கள். மூன்றாவது வரியில்தான் விடை வரும். மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் பிறந்த இசைக்கும் நம் அணியிலக்கணத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை, அப்படி ஒன்றை நான் சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு கைவினைஞர்கள் ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கும்போது, ஒருவர் வைத்த பெயரை மற்றவர் கடன் வாங்கலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ‘ஒரு மடக்குத் தண்ணீர்’ என்கிறோம், ஒரே மூச்சில் விழுங்கும் அளவு. மவுத் ஆர்கனில் ரிஃப் என்பது பெரும்பாலும் ஒரு மூச்சளவுதான். மேலே சொன்ன ஐந்தில் நான்கு இழுப்பு, நடுவில் ஒரே ஓர் ஊதல். முடிந்ததும் நெஞ்சு நிறைந்திருக்கும். அடுத்தது வருவதற்குள் அந்தக் காற்றை வெளியே விட்டாக வேண்டும்.

மறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறேன். ‘கணக்கில் மடக்கை (லாகரிதம்) இருக்கிறதே, குழம்பாதா?’ என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். ‘தொடை’ யாப்பிலும் இருக்கிறது, உடம்பிலும் இருக்கிறது. எந்த மாணவரும் குழம்பியதில்லை. ‘ரிஃப் என்றே எழுதினால் என்ன?’ என்ற கேள்வி இதைவிட நேர்மையானது. எழுதலாம். மவுத் ஆர்கன், கிடார், ரீடு (அதிர்ந்து ஓசை தரும் தகடு) ஆகியவற்றை நான் அப்படித்தான் எழுதுகிறேன், மாற்ற விருப்பமும் இல்லை. பொருளுக்குப் பெயர் பொருளோடு வந்தது. ஆனால் ரிஃப் பொருள் அல்ல, ஒரு செயலமைப்பு. அதைக் கற்பவருக்குப் பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டால் நல்லது. ‘மடக்கு’ என்றவுடன், ‘திரும்பி வரும்போது எங்கே பொருள் மாறுகிறது என்று கேள்’ என நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க முடிகிறது. வினையாகவும் வளைகிறது: இந்தத் தொடரை எட்டுக் கட்டம் மடக்கு, ஒன்பதில் விட்டுவிடு. ஒன்பதில் விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பஞ்சமச் சுரக்கூட்டின் மேல் இந்தச் சாதாரண காந்தாரம் உராயும்; அங்கே பலர் தொடரை மாற்றிக்கொள்வார்கள்.

‘ப்ளூஸ்’ என்பதையே ‘துயரிசை’ ஆக்கலாம் என்ற யோசனையை மட்டும் நான் வன்மையாக மறுக்கிறேன். அது ஒரு மக்கள் தங்கள் இசைக்கு வழங்கும் பெயர். அதில் துயரம் மட்டும் இல்லை. வாரம் முழுவதும் உடல் ஒடிய உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவில் அதற்கு ஆடினார்கள், கேலி பேசினார்கள், காதலித்தார்கள். பறையையும் ஒப்பாரியையும் வேற்றுமொழிக்காரர் அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதே மரியாதையை நாமும் கொடுக்க வேண்டும்.

அடுத்து, சுரத்தை அதன் இடத்திலிருந்து நகர்த்தும் ‘பெண்ட்’ என்ற உத்தி. அகராதியில் ‘வளைத்தல்’ என்று இருப்பதாகச் சொன்னீர்கள். கிடாரில் கம்பியை வளைத்தால் சுரம் ஏறும். மவுத் ஆர்கனில் அதே பெயருள்ள உத்தியில் சுரம் இறங்கும், ஒருபோதும் ஏறாது. ஒரு துளைக்குள் இரண்டு பித்தளை ரீடுகள் இருக்கின்றன, ஒன்று ஊதலுக்கு, ஒன்று இழுப்புக்கு. ஒரு கட்டை வாத்தியத்தின் மூன்றாம் துளையில் ஊதினால் ஐந்து கட்டைச் சுரம், இழுத்தால் ஏழு கட்டைச் சுரம். வாய்க்குள் நாக்கைப் பின்வாங்கிக் குழிவைப் பெரிதாக்கி இழுக்கும்போது ஊதல் ரீடும் அதிரத் தொடங்கி, சுரம் மேலதிலிருந்து கீழதை நோக்கி வழுக்குகிறது. இடையில் உள்ள மூன்று அரைச் சுரங்களையும் இப்படிப் பிடிக்கலாம். ஆகவே ‘சரிவு’ என்று வைக்கிறேன். ‘இ3 அரைச் சரிவு’ என்றால் ஒரே அரைச் சுரம் இறக்கு. ‘கமகம்’ பரந்த சொல், இதற்கு வேண்டாம். சரிவு கைவராதவர்கள் முதல் மாதம் நேரான இ3-ஐயே வாசிக்கட்டும். பள்ளிப் பாட்டுப் போலக் கேட்கும், தவறில்லை.

என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் துளையை இழுத்தால் அவளுக்கு ஓசையே வராது. தொண்டை அடைத்த சேவல் போல ஒரு முனகல். வாத்தியம் பழுது என்று இரண்டு வாரம் நம்பினாள். வாங்கி நான் இழுத்தேன், கணீரென்று வந்தது. தெரியாமலே அவள் சரித்துக்கொண்டிருந்தாள். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து, மெதுவாக மூச்சு வாங்கச் சொன்னேன். நான்காவது முறை சுரம் திறந்தது. ‘இதுவரை நீ செய்தது தப்பு இல்லை, அதற்குப் பெயர் சரிவு, அடுத்த மாதப் பாடம்’ என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ‘வளைத்தல்’ என்று சொல்லியிருந்தால் எதை வளைத்தேன் என்றுதான் கேட்டிருப்பாள்.

வாத்தியத்தின் சொந்தச் சுருதியை விட்டு வேறு சுரத்தை ஆதாரமாக்கி வாசிக்கும் ‘கிராஸ் ஹார்ப்’ முறை குறித்துச் சுருக்கமாக. ஜெர்மனியின் டிராசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தயாரிக்கத் தொடங்கிய இந்த வாத்தியம், ஊதினால் வீட்டுச் சுருதி நிறைந்து ஒலிக்கும்படி, நாட்டுப்பாடல்களுக்காக அமைந்தது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பின இசைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். இழுப்பில் வரும் சுரத்தை ஆதாரமாக வைத்தார்கள், ஏனென்றால் கீழ்த்துளைகளில் சரிவு இழுப்பில்தான் இருக்கிறது. ஒரு கட்டை வாத்தியத்தில் ஐந்து கட்டையில் வாசிப்பது, அவ்வளவுதான். சங்கராபரணத்தின் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கினால் அரிகாம்போதி வருவதுபோல. இதற்குப் ‘பண்ணுப்பெயர்ப்பு’ நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. ‘குறுக்கு’ என்ற மொழிபெயர்ப்பு யாருக்கும் எதையும் சொல்லாது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் கட்டங்களில் பாட்டை மறுபடி தொடக்கத்துக்கே தள்ளிவிடும் ஒரு சிறு தொடர் வரும். ‘முடிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். அது முடிக்கவில்லை, கதவைத் திறந்து வைக்கிறது. ‘திருப்பம்’ என்றால் கதைத் திருப்பம் நினைவுக்கு வருகிறது. நாதசுரம், தவில் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குள் நுழைய, வாசிப்பவர் மற்றவர்களுக்குக் காட்டும் அந்தச் சிறு அடையாளத்துக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? வெள்ளிக்கிழமை இரவு தாளை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் எழுதினால் அந்தச் சொல்லையே இட்டுவிடுவேன்.

அன்புடன்.