'அலைன்மென்ட்': சார்பா, பாலா, திணையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதையாட்டத்தின் அடிப்படை விதிகள் 2023 சனவரியில் யாரும் எடுத்துப் பயன்படுத்த இடந்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி, எங்கள் ஊர் நூலகத்தின் கோடை முகாமுக்குக் கையேடாகக் கொடுக்கவிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்; 'அலைன்மென்ட்' என்ற சொல்லில் வேலை நிற்கிறது. ஒவ்வொரு கதைமாந்தருக்கும் இரண்டு அச்சுகளில் (அளவுகோடுகளில்) இடம் குறிக்கிறார்கள்; அந்த இடமே 'அலைன்மென்ட்'. ஒன்று நன்மைக்கும் தீமைக்கும் இடைப்பட்டது. மற்றொன்று கட்டுப்பாட்டை மதிப்பதற்கும் தன் விருப்பப்படி நடப்பதற்கும் இடைப்பட்டது. இரண்டிலும் நடுவிடம் உண்டென்பதால் ஒன்பது வகைகள் கிடைக்கின்றன. வரைவில் 'குணம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ஆட்டம் நடத்துபவர் எழுதியது:

'குணம்' வேண்டாம் என்பது என் கருத்து. பிறவியிலேயே அமைந்தது என்ற பொருளில்தான் அச்சொல்லை நாம் பெரிதும் புழங்குகிறோம். ஆட்டத்திலோ இது செயலால் உறுதிப்படுவது, செயலால் மாறுவதும் கூட. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி, பாலடின் என்னும் புனித வீரர் தெரிந்தே ஒரு தீச்செயலைச் செய்தால் அந்த நிலையை மீட்க முடியாதபடி இழந்துவிடுவார். 'அறம்' என்று தொடங்கும் சொல்லும் உதவாது. 1974இல் வந்த முதல் பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்ற மூன்றுதான் இருந்தன. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையில்தான் நன்மையும் தீமையும் தனி அச்சாகப் பிரிந்தன. நம் 'அறம்' அந்த இரண்டு அச்சுகளையும் ஒன்றாக விழுங்கிவிடும். பிறகு சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காத்துக்கொண்டே மக்களை நசுக்கும் அரசனை எந்தக் கட்டத்தில் வைப்பது? 'சார்பு' என்பதை முன்மொழிகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

'சார்பு' என்றால் இன்றைய செய்தித்தாள் வாசகருக்கு ஒருதலைப்பட்சம் என்றே படும். நல்ல சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. "சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு" என்னும் குறளில் தீதும் நன்றும் எதிரெதிராக நிற்க, மனத்தைச் செலுத்தும் பக்கத்தைக் குறிப்பது 'பால்'. எனவே 'நன்றின்பாலர்', 'தீதின்பாலர்' எனலாம். விலங்குகளுக்கு இந்த ஒன்பதில் எதுவும் பொருந்தாது என்று விதியில் தனிப் பிரிவு இருப்பதாக அறிகிறேன். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்ற நன்னூல் நரகரையும் உயர்திணையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தீமையைத் தேர்ந்து செய்யும் பேய்க்கும் பகுத்தறிவு உண்டு. பசிக்காகக் கொல்லும் ஓநாய்க்கு அது இல்லை. ஆகவே அந்தப் பிரிவு 'அஃறிணை'.

நடுவிடத்துக்கு 'நடுவுநிலை' என்று எழுதினால் பெரும் பிழையாகும். வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த உயர்ந்த அறம் அது. பரிமேலழகர் அதை விளக்கும்போது பகை, நொதுமல், நண்பு என மூன்றைச் சொல்லி, அம்மூன்றினிடத்தும் அறத்தின் வழுவாது நிற்பதே நடுவுநிலைமை என்கிறார். பகையும் இல்லாத, நட்பும் இல்லாத அந்த 'நொதுமல்'தான் நீங்கள் தேடும் சொல்.

ஆட்டம் நடத்துபவர் எழுதியது:

ஐயா, 'பால்' பற்றிய விளக்கம் சுவையானது. ஆனால் அதே சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியத்தின் "பால்வரை தெய்வம்" அதுதானே? விதியால் வகுக்கப்பட்டது என்ற எண்ணத்தைத் தவிர்க்கத்தான் 'குணம்' வேண்டாம் என்றோம். மேலும் கதைமாந்தர் தாளில் ஆண், பெண் என்று எழுதும் இடமும் 'பால்'தான். சார்புக்கும் குறளில் சான்று உண்டு: "அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார்". செய்தித்தாள் கெடுத்த சொல்லை நாம் திருத்திப் புழங்கக் கூடாதா?

பள்ளி ஆசிரியை எழுதியது:

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை 'நடுவுநிலை'யைப் பார்த்தால், ஒன்பதிலும் அதுவே சிறந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஐயாவின் எச்சரிக்கை மிகச் சரி. ஆனால் 'நொதுமல்' என்ற சொல்லை என் மாணவர் யாரும் கேட்டதில்லை. ஆட்டத்தின் நடுவே அகராதியைப் புரட்ட மாட்டார்கள். 'இடைநிலை' போதும். ஒழுங்கின்மைக்குக் 'குழப்பம்' என்று எழுதுவதையும் தவிர்த்து விடுங்கள். ஏழைகளுக்காகச் சட்டத்தை மீறும் நல்லவன் குழம்பியவன் அல்லன்; அவன் தன்போக்கில் நடப்பவன்.

தமிழாசிரியர் எழுதியது:

பிள்ளைகள் கேட்டதில்லை என்பதற்காகவே ஒரு சொல்லை ஒதுக்கினால், அவர்கள் அதை வேறெங்கே கேட்பார்கள்? மாய உலகத்து விலங்குகளின் பெயர்களை எல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொள்பவர்களுக்கு நான்கெழுத்துத் தமிழ்ச்சொல் ஒன்று சுமையாகிவிடாது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் கருத்துப்படி 'சார்பு', 'முறைவழி' (கட்டுப்பாட்டை மதிப்பது), 'தன்போக்கு', 'இடைநிலை' ஆகியவை அச்சுக்குப் போகின்றன. விலங்குகளுக்குச் 'சார்பிலி' என்று வைத்திருக்கிறேன்; மற்ற சொற்களோடு அது இயைந்து நிற்கிறது. ஆர்க் என்னும் கற்பனை இனத்துக்கு மூலத்தில் உள்ளபடியே 'தன்போக்குத் தீமை' என்று எழுதியுள்ளேன்.

தமிழாசிரியர் எழுதியது:

'சார்பு' பற்றி இனி வழக்காடவில்லை. 'சார்பிலி'யை மட்டும் ஏற்க இயலவில்லை. எப்பக்கமும் சாராதவர் என்று அது பொருள்படுமானால், இடைநிலையாளருக்கும் ஓநாய்க்கும் இடையே வேறுபாடு எங்கே? தேர்ந்தெடுத்து நடுவில் நிற்பது ஒன்று, தேர்வதற்கான அறிவே இல்லாதது இன்னொன்று. 'அஃறிணை' என்று எழுதியிருந்தால் இந்த வேறுபாடு தானே விளங்கியிருக்கும். பேசவும் திட்டமிடவும் தெரிந்த ஆர்க்குகள் உயர்திணை என்பதும், அதனால் ஓர் இனம் முழுவதையும் பிறப்பாலேயே தீயோர் என்று எழுதுவது பொருந்தாது என்பதும் கூடவே புலப்பட்டிருக்கும். மூலத்தில் உள்ளதை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றால், அந்தப் பக்கத்தில் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லையேனும் சேர்க்க இடமுண்டா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால், அடுத்த பதிப்புக்கான குறிப்பாக இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள்.