'லூசிங் மை ரிலிஜன்' வீடியோவில் வரும் கிழத் தேவதூதன் யார்? விளக்கம் தேவை

கேள்வி:

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் இந்தப் பாட்டைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன், ஆனால் வீடியோவை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தது போன வாரம்தான். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவையாவது போட்டுவிடுகிறேன். ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை.

தலைப்பை வைத்து, மத நம்பிக்கை போய்விட்ட ஒருவனின் பாட்டு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீடியோவில் சிறகு வைத்த கிழவர் விழுந்து கிடப்பதும் அதற்குப் பொருந்துகிறது. மற்றதுதான் இடிக்கிறது. காயத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார்களே, அது ஏன்? அம்பு தைத்த இளைஞன் யார்? இந்து தெய்வங்கள் போன்ற உருவங்கள் எதற்கு? பாட்டு தொடங்கும் முன்பே ஜன்னலிலிருந்து பால் ஜாடி ஒன்று விழுந்து உடைகிறதே, அது என்ன? ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதிப் பார்த்தேன், ஒன்றோடு ஒன்று சேரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

முதல் சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. 'லூசிங் மை ரிலிஜன்' என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புழங்கும் ஒரு வழக்கு. பொறுமை எல்லை கடந்து, தன்னையே இழந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். குழு உருவானதே ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில்தான், அவர்களுக்கு இது பழகிய பேச்சு. பாட்டு ஒருதலைக் காதலைப் பற்றியது என்று பாடகர் மைக்கேல் ஸ்டைப்பே சொல்லியிருக்கிறார். மதத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

கேட்டவர்:

நன்றி, இது தெரியவே தெரியாது. ஆனால் இப்போது குழப்பம் கூடிவிட்டது. காதல் பாட்டு என்றால் இயக்குநர் ஏன் இத்தனை புனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்?

பதில் 2:

என் மனதுக்கு மிக நெருக்கமான வீடியோ இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இயக்குநர் தர்செம் சிங், பஞ்சாபில் பிறந்தவர். ஸ்டைப் கேட்டது எளிமையான, பாடுவதை மட்டும் காட்டும் வீடியோ. தர்செமுக்கோ இந்தியப் படங்களில் ஒரு வகையில் வருவது போல உணர்ச்சி பொங்க, கனவு மாதிரி எடுக்க ஆசை. இரண்டையும் கலந்ததுதான் நீங்கள் பார்ப்பது. அதற்கு முன்னால் வீடியோக்களில் வாயசைக்கவே விரும்பாத ஸ்டைப் இதில் வாயசைத்துப் பாடுகிறார்.

கிழத் தேவதூதன் வருவது கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் சிறுகதை ஒன்றிலிருந்து, தர்செமே சொன்னது. அந்தக் கதையில் மழைக்குப் பிறகு பெரிய சிறகுகளோடு ஒரு கிழவர் சேற்றில் குப்புறக் கிடப்பார். ஊர் என்ன செய்கிறது? கோழிக்கூண்டில் அடைக்கிறது, காசு வசூலித்து வேடிக்கை காட்டுகிறது, உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடுவைக்கிறது. பாதிரியார் லத்தீனில் பேசிப் பார்க்கிறார், கிழவருக்குப் புரியவில்லை, உடனே பாதிரியாருக்குச் சந்தேகம். யாருமே அவரிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசுவதில்லை, சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது காயத்தில் விரல் விடும் காட்சிக்கு வாருங்கள். அது தோமையார். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். தர்செமுக்கு உந்துதலாக இருந்த ஓவியர் காரவாஜியோ 1600களின் தொடக்கத்தில் இதை வரைந்திருக்கிறார், இருட்டும் ஒரு பக்க வெளிச்சமும் அப்படியே வீடியோவுக்கு வந்திருக்கின்றன. யோவான் நற்செய்தியில் தொட்டுப் பார் என்று இயேசு அழைக்கிறார், தோமா தொட்டதாக எழுதியிருக்காது. ஓவியத்தில் விரல் உள்ளேயே போகிறது, அதுவும் இயேசுவே அவர் கையைப் பிடித்துக் காயத்துக்குக் கொண்டுபோகிறார். காயப்பட்டவரே தன் காயத்தைத் திறந்து காட்டுகிறார் பாருங்கள், ஒருதலைக் காதல் இதுதானே? அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டோமோ, இன்னும் சொல்லவே இல்லையோ என்று தவிப்பவன் நிலை அது. திறந்து காட்டியும் எதிரில் இருப்பவர் நம்புவாரா என்று தெரியாது.

அம்பு தைத்தவர் புனித செபஸ்தியார். அவரும் எல்லோர் கண்முன்னும் கட்டிவைத்துத் துளைக்கப்பட்டவர். கிழவர், இயேசு, செபஸ்தியார் என மூன்று உருவங்களும் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு: உள்ளதெல்லாம் வெளியே தெரிந்துபோய், பிறர் பார்வைக்கு நடுவில் நிற்பவன்.

பதில் 3:

பால் ஜாடிக்கு நான் பதில் சொல்கிறேன். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் கடைசிப் படம் 'தி சாக்ரிஃபைஸ்' (1986). அதில் போர் மூளும் நேரம், விமானங்கள் தாழப் பறக்கும் அதிர்வில் ஜாடி விழுந்து பால் சிந்தும். இங்கே அதற்கான மரியாதையாக வைத்திருக்கிறார்கள். கவனித்தீர்களா, குழுவின் மற்ற மூவரும் அறைக்குள் குறுக்கே ஓடுகிறார்கள், ஸ்டைப் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

பதில் 2 எழுதியவரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். இந்து தெய்வங்களையும் அந்தக் 'காயப்பட்டவன்' கணக்கில் சேர்க்க முடியாது, அவை காயப்பட்டு நிற்கவில்லை. கனவில் வருவது போல வந்து போகின்றன, அவ்வளவே. எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கப் பார்ப்பதால்தான் கேட்டவருக்குச் சேரவில்லை என்று நினைக்கிறேன்.

பதில் 2:

ஏற்றுக்கொள்கிறேன். தெய்வங்களை நான் விட்டதே அதனால்தான், எவ்வளவு யோசித்தும் உட்காரவில்லை.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் திரும்பப் பார்த்துவிட்டு வருகிறேன். ஜாடி உடைகிறது, மூன்று பேரும் ஓடுகிறார்கள், அவர் உட்கார்ந்தே இருக்கிறார், உடனே குழுவின் கிதார் கலைஞர் பீட்டர் பக்கின் மாண்டலின் தொடங்குகிறது. இத்தனை தடவை பார்த்தும் அவர் அசையாமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை, ஜாடியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மார்க்கேஸ் கதையையும் தேடிப் படிக்கப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி: அந்தக் கிழவர் கடைசியில் என்ன ஆகிறார்?

பதில் 2:

கதையைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். சிறகுகளில் புது இறகுகள் முளைக்கின்றன. பறந்து போய்விடுகிறார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் மட்டும் அதைப் பார்க்கிறாள்.