புதுப்பிப்பு: கித்தோ போய் வந்தாயிற்று

ஈக்வடார் தலைநகர் கித்தோவுக்கு இரண்டு நாள் போதுமா, 2,850 மீட்டர் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா? போதாது. முதல் நாள் பாதி மூச்சு வாங்குவதிலேயே போயிற்று.

1978-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய நகரம் அது. லா கொம்பானியா தேவாலயத்துக்குள் எங்கு பார்த்தாலும் தங்கத் தகடு, கண் கூசுகிறது. எனக்கென்னவோ பசிலிக்கா என்ற இன்னொரு பெரிய தேவாலயம்தான் பிடித்தது: வெளிச்சுவரில் வழக்கமான பூதச் சிலைகளுக்குப் பதிலாக ஆமையும் இகுவானா என்ற பெரிய ஓணானும் தலை நீட்டுகின்றன!

அப்புறம் லோக்ரோ. உருளைக்கிழங்கும் சீஸும் குழைந்த கெட்டி சூப், மேலே அவகாடோ. அந்தக் குளிரில் இரண்டு நாளும் அதுதான். கினிப்பன்றி வறுவலுக்கு மட்டும் மனசு வரவில்லை.