ப்ளஸ் டூ முடித்த வயதில் உங்களைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

ஓமலூர்க்காரன்

அண்ணன் மகள் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். "சித்தப்பா, காலேஜ் திறக்கறதுக்குள்ள என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். யூடியூபில் கிடைக்கிற பதில் வேண்டாம். நம்ம பக்கத்தில் படித்தவர்கள், அந்த வயதில் இதை யாராவது காதில் போட்டிருக்கலாமே என்று நினைப்பதை எழுதுங்கள். முதலில் நான்.

படித்தது ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. 2009-ல் ப்ளஸ் டூ. அங்கே பதினொன்றாம் வகுப்பு பெயருக்குத்தான் இருந்தது. சேர்ந்த ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமும் அதே பாடம், அதே டெஸ்ட். மார்க் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் கிடைத்தது. முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் பேராசிரியர் நாலு வரி எழுதி, "இதெல்லாம் லெவன்த்லயே பார்த்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். எங்கள் வரிசையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்போதிருந்த பாடத்திட்டத்தில் எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றுக்கும் அடித்தளம் பதினொன்றாம் வகுப்பில்தான் இருந்தது. கணக்கில் சென்டம் எடுத்துவிட்டு வந்தவர்களுக்கும் அந்தப் பேப்பரில் அரியர் விழுந்தது.

2018-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது சரி, சில பள்ளிகள் பழையபடி ஆரம்பிக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு உண்டு. ஆகவே அவளுக்குச் சொன்னது: புதிதாக எந்தக் கோர்ஸும் வேண்டாம், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடு, அந்த மூன்று பாடத்தையும் மார்க்குக்காக இல்லாமல் நிதானமாகப் போட்டுப் பார். தமிழ் வழியில் படித்திருந்தால் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள். பாடநூல் கழகத்துப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்தது, துறையைத் தேர்ந்தெடுப்பது. எங்கள் காலத்தில் கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். அப்பாவும் நானும் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனோம் (பெயர்தான் ஏற்காடு, அது மலைப் பக்கமே போகாது). திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன, முடிவெடுக்கக் கொஞ்ச நேரம்தான். உலோகவியல் என்றால் என்ன என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊரில் இரும்பாலை இருக்கிறதே, ஏதாவது வேலை கிடைக்கும் என்று ஒரு கணக்கு. எனக்கு அந்தத் துறை பிடித்துப்போனது அதிர்ஷ்டம். ஆனால் பள்ளிக்காலம் முழுக்க சேலம் பஸ்ஸில் அந்தக் கல்லூரியைத் தாண்டித்தானே போய்வந்தோம்! ஒரு நாள் இறங்கி உள்ளே போய், படிக்கிற அண்ணன்களிடம் "லேபில் என்ன செய்வீங்க, படிச்சவங்க எங்க வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டிருந்தால் யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற கல்லூரி என்றால் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

2018-லிருந்து கவுன்சிலிங் ஆன்லைனில். கட்-ஆஃப் கணக்கு அதேதான்: கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் 200. ஆப்ஷன் லிஸ்ட் (எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்று வரிசைப்படுத்தும் பட்டியல்) போடுவதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தரவரிசையில் நம் முறை வரும்போது, நாம் எழுதிய பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தை நமக்குக் கொடுப்பார்கள். அதனால் "இதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளத் தேவையில்லை. அதை மேலே எழுதியதால் கீழே இருக்கிற இடம் பறிபோகாது. முக்கியமாக, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஓ.டி.பி.யைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கமிஷனுக்காக யாரோ சொன்ன கல்லூரியை மேலே ஏற்றிவிட்ட கதையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பதிவு செய்வதற்கும் ஆப்ஷன் போடுவதற்கும் அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன.

தாதகாப்பட்டி

எனக்குச் சொல்ல ஒன்றுதான். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனதை எங்கள் தெருவில் "படிப்பு வரல போல" என்றார்கள். மூன்று வருட டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். வொர்க்ஷாப், லேத், வெல்டிங் எல்லாம் கை பழகியிருந்ததால் லேபில் எனக்குப் பயமே இல்லை. கணக்கில் மட்டும் மூச்சு வாங்கியது, ஓமலூர்க்காரர் சொல்வது எங்களுக்கும் பொருந்தும். தெருவில் சொல்வதைக் கேட்டு அழாதே என்று அந்தப் பையனிடம் சொல்வேன். அப்புறம், டிராஃப்டர் (இன்ஜினியரிங் டிராயிங் வரைகிற கருவி) புதிதாக வாங்காதே, சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

நாகலூர் பக்கம், ஏற்காடு

நான் மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலையில் வாழ்கிற பழங்குடி). படித்தது மலையிலேயே ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குத் தயாராவது என்றால் முதல் வேலை சாதிச் சான்றிதழ்தான். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்வரை போகும். விசாரணை உண்டு. அப்பாவின் சான்றிதழ், சொந்தக்காரர்களுடையது, பள்ளிப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், அன்றைய எஸ்டேட் கூலியும் போய்விடும். கோடை விழா நேரமென்றால் கேட்கவே வேண்டாம், மேலே வருகிற கார்க் கூட்டத்தில் கீழே இறங்கும் பஸ் நகராது. ரிசல்ட் வந்த பிறகு இதை ஆரம்பித்த என் வகுப்புப் பெண்கள் சிலருக்கு அந்த வருடச் சேர்க்கையே போனது. இப்போது யார் கேட்டாலும் பத்தாவது முடித்த விடுமுறையிலேயே எழுதிப் போடு என்கிறேன். பொறியியல் சேர்க்கையில் பழங்குடியினருக்கு ஒரு சதவீத இடம். அதற்கும் உதவித்தொகைக்கும் இந்தக் காகிதம்தான் சாவி.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. எங்கள் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அதில் அடக்கம். இது தெரியாமல் சில வீடுகளில் ஆடு, மிளகு விற்ற காசைத் தனியார் கல்லூரிக்கு முன்பணமாகக் கட்டப் பார்க்கிறார்கள்.

விடுதி அடுத்த விஷயம். கல்லூரியில் இடம் கிடைத்தால் தங்க இடமும் கிடைத்துவிடும் என்றே வீட்டில் நினைத்தோம். அரசு மாணவியர் விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இடமும் குறைவு. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது தெரிந்தவர்களுக்கு, தினமும் வீட்டிலிருந்து போய்வருவது நடக்காது என்பதும் தெரியும்.

இன்னொன்று, சிரிப்புதான் வரும். முதல் நாள் கல்லூரியில் "ஏற்காடு" என்றதும் பக்கத்துப் பெண், "மான்ட்ஃபோர்ட்டா?" என்றாள். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்காட்டில் படிப்பு என்றாலே 1917-லிருந்து இருக்கிற அந்தப் பள்ளியும் கான்வென்ட்டும்தான். சரளமாக இங்கிலீஷ் பேசுவேன் என்று வகுப்பே முடிவு செய்துவிட்டது. எனக்கோ ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது "பிரசென்ட் மேம்" சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த வயதுப் பெண்ணிடம் இலக்கணப் புத்தகம் படி என்று சொல்ல மாட்டேன். பாட வார்த்தைகளை இங்கிலீஷில் காதால் கேட்டுப் பழகிக்கொள் என்பேன். தாவரவியல் எனக்குத் தமிழில் தண்ணீர் பட்ட பாடு. காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் பார்த்து வளர்ந்தவள் நான். பெயர் மட்டும் வேறாக இருந்ததால் தெரிந்த பாடமே தெரியாததுபோல் ஒரு செமஸ்டர் ஓடியது. தமிழில் கேள்வி கேட்டால் விளக்கிச் சொன்ன ஆசிரியைகள் இருந்தார்கள். அவர்கள் அறைக்குப் போகத்தான் தைரியம் வேண்டும்.

செவ்வாய்பேட்டை

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. நான் கோரிமேடு அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். தம்பி பொறியியல். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவள்.

தம்பிக்கு மார்ச் மாதம், பரீட்சை நடக்கும்போதே ஒரு கல்லூரியிலிருந்து போன்: "இப்பவே அட்வான்ஸ் கட்டினா கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி." அப்பா வெள்ளிக்காரரிடம் கடன் பேசிவிட்டு வந்துவிட்டார். நிறுத்தியது எங்கள் கணக்கு டீச்சர். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது. வீட்டில் அதுவரை யாரும் பட்டதாரி இல்லை, நான் கலைக்கல்லூரியில் அப்போது இரண்டாம் ஆண்டுதான். சான்றிதழ் வாங்கி, கவுன்சிலிங்கில் போய், கேட்ட துறையே கிடைத்தது. கூப்பிடுகிற கல்லூரி எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் ரிசல்ட்டுக்கு முன்னால் பணம் கேட்பவரிடம் எதற்கு அவசரப்பட வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கு, ஓமலூர்க்காரரே, பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் பாஸ்புக்கில் வேறு எழுத்து. பாதி வீடுகளில் இப்படித்தான் இருக்கும், எங்கள் வீட்டிலும் இருந்தது. அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில். இரண்டிலும் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருவது, ஆதார் இணைப்பு சரியாக இருந்தால்தான் வரும். அம்மா கணக்கில் போடலாமா என்று கல்லூரி அலுவலகத்தில் கெஞ்சுவதைவிட இப்போதே அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்து, மெசேஜ் வருகிற போன் நம்பரை மாற்றாமல் வைத்திருப்பது சுலபம்.

கல்லூரியில் சேரும்போது அசல் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு, நாலைந்து செட் ஜெராக்ஸும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி திறக்கிற வாரம் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது.