லண்டன் 2017 தொடர் ஓட்டம்: போல்ட் விழுந்ததாலதான் ஜப்பானுக்கு வெண்கலமா?

கேட்டவர்: மூணாவது ஆள்

எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ் 4×100 தொடர் ஓட்ட டீம்ல (நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர்) மூணாவதா ஓடுறேன். நேத்து ஹாஸ்டல்ல 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப் ஃபைனலை மறுபடி போட்டுப் பாத்தோம். உசைன் போல்ட்டோட கடைசி ரேஸ். பேட்டனை (ஒருத்தர் அடுத்தவருக்குக் கை மாத்திக் கொடுக்குற கட்டை) வாங்கிக் கொஞ்ச தூரம் ஓடினதும் தொடையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே விழுந்துட்டார். பிரிட்டன் 37.47, அமெரிக்கா 37.52, ஜப்பான் 38.04.

ரூம்மேட் சொல்றான்: "போல்ட் விழலைன்னா ஜப்பானுக்கு மெடலே கிடையாது, வெறும் அதிர்ஷ்டம்." எனக்கு மனசு ஒப்பலை. ஆனா எதிர்த்துச் சொல்ல விஷயம் இல்லை. ஜப்பானுக்கு ஓடின தடா, இய்சுகா, கிரியு, ஃபுஜிமிட்சு, இந்த நாலு பேர்ல யாருமே அதுவரைக்கும் அதிகாரப்பூர்வமா நூறு மீட்டரைப் பத்து செகண்டுக்குள்ள ஓடினதில்லையாமே? அப்புறம் எப்படி மெடல் வாங்குற இடத்துல வந்து நிக்கிறாங்க?

இன்னொண்ணு. அடுத்த மாசம் எங்களுக்கு மீட் இருக்கு. அவங்க மாதிரி கீழேயிருந்து பேட்டன் கொடுக்கப் பழகலாமா?

பதில்: ஸ்பைக்ஸ் மணி

உங்க ரூம்மேட் சொன்னதுல பாதி உண்மை. போல்ட் பேட்டன் வாங்கும்போது ஜமைக்கா மூணாவது, ஜப்பான் அதுக்குப் பின்னாடி. அவர் காலு பிடிக்காம இருந்திருந்தா வெண்கலம் ஜமைக்காவுக்குத்தான். ரொம்ப நேரம் காத்திருக்க வெச்சு உடம்பு ஆறிப்போச்சுன்னு ஜமைக்கா பசங்க அன்னைக்கே வருத்தப்பட்டாங்க.

பதில்: பழைய பி.டி. மாஸ்டர்

தம்பி, அந்த ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துக்கிட்டா மணி சொல்றது சரி. ஆனா ரெண்டு வருஷம் தள்ளி 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்க. மறுபடியும் ஜப்பானுக்கு வெண்கலம். யாரும் விழலை. நேரம் 37.43. லண்டன்ல பிரிட்டன் தங்கம் ஜெயிச்ச நேரத்தைவிட அது வேகம். இதை உங்க ரூம்மேட்கிட்ட சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி 2016 ரியோ ஒலிம்பிக். யமகதா 10.05, இய்சுகா 10.22, கிரியு 10.01, கேம்பிரிட்ஜ் 10.10. இது ஒவ்வொருத்தரும் தனியா நூறு மீட்டர்ல அதுவரைக்கும் ஓடின சிறந்த நேரம். கூட்டினா 40.38. பேட்டனோட ஓடினது 37.60, வெள்ளி. ஜமைக்காவுக்கு அதே கணக்கைப் போடுங்க: பவல் 9.72, பிளேக் 9.69, ஆஷ்மீட் 9.90, போல்ட் 9.58, மொத்தம் 38.89. ஓடினது 37.27. ஜமைக்கா மிச்சம் பிடிச்சது 1.62 செகண்ட், ஜப்பான் பிடிச்சது 2.78.

முதல் ஆளைத் தவிர மத்த மூணு பேரும் ஓடிக்கிட்டே வாங்குறதால எல்லா டீமுக்கும் கொஞ்சம் மிச்சம் ஆகும். பவலும் போல்ட்டும் அந்த நேரத்தை ஓடினது ரியோவுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடிங்கறதையும் கழிச்சுக்கணும். அப்படியும் பெரிய வித்தியாசம் நிக்குது. அது கை மாத்துற இடத்துல சம்பாதிச்சது.

அதே ரியோவுல அமெரிக்கா மூணாவதா வந்துச்சு. ஆனா முதல் மாத்தத்துல ராட்ஜர்ஸ் கொடுத்த பேட்டனை, அது ஸோனுக்குள்ள (பேட்டன் கை மாறவேண்டிய, கோடு போட்ட இடம்) வர்றதுக்கு முன்னாடியே கேட்லின் தொட்டுட்டார். தகுதி நீக்கம், வெண்கலம் கனடாவுக்குப் போச்சு. ஆள் எங்க நிக்கிறார்ங்கறது கணக்கே இல்லை, பேட்டன் எங்க இருக்குங்கறதுதான் கணக்கு.

லண்டன்லயும் எனக்குப் பிடிச்சது ஜப்பானைவிட பிரிட்டன். அந்த மீட்ல நூறு மீட்டர் தங்கம் கேட்லின், வெள்ளி கோல்மன். ரெண்டு பேரும் அமெரிக்க டீம்ல. பிரிட்டனுக்கு ஓடின உஜா, ஜெமிலி, டால்பாட், மிட்செல்-பிளேக் நாலு பேர்ல ஒருத்தர்கூட நூறு மீட்டர் ஃபைனல்ல கிடையாது. ஜெயிச்சது அவங்க, 0.05 செகண்ட்ல.

இது எனக்குள்ள ஏன் இவ்வளவு ஆழமா இருக்குன்னா, நான் இதைக் கண்ணால பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், மாவட்ட மீட். நூறு மீட்டர்ல முதலும் ரெண்டாவதும் என் பசங்க. தொடர் ஓட்டம் நமக்குத்தான்னு நெனைச்சு, பேட்டன் பழக்கத்துக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கலை. கடைசி மாத்தத்துல நாலாவது பையன் கையைப் பின்னால நீட்டிக்கிட்டே திரும்பிப் பார்த்தான். பார்த்த உடனே கால் தானா சுருங்கிடுச்சு. மூணாவது பையன் அவன் முதுகுல மோதினான். பேட்டன் கீழ விழலை, ஆனா ரெண்டு பேரும் கிட்டத்தட்ட நின்னுட்டாங்க. ஜெயிச்ச பள்ளியில ஒரு பையன்கூட நூறு மீட்டர் ஃபைனலுக்கு வந்ததில்லை.

அன்னைக்குச் சாயந்திரம் அவங்க மாஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பையிலேர்ந்து ஒரு துடைப்பக் கட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு ஜாண் சொச்சத்துக்கு அறுத்து, ஒரு முனையில மட்டும் நீல இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தது. நீலம் எப்பவும் முன்னால இருக்கணும், கொடுக்கிறவன் கை டேப் இல்லாத பாதியில. தினமும் காலையில நாலு பையனும் ஒரே வரிசையில மெதுவா ஓடிக்கிட்டே அதைப் பின்னாலிருந்து முன்னால அனுப்புவாங்களாம். கொடுக்கிறவன் "கை!"ன்னு கத்தணும், முன்னால ஓடுறவன் தலையைத் திருப்பாம கையை மட்டும் பின்னால விடணும். திரும்பினவன் ஒரு ரவுண்டு கூடுதலா ஓடணும். ஒரு வருஷம் முழுக்க இதையே செஞ்சிருக்காங்க. அடுத்த வருஷத்திலேர்ந்து நானும் துடைப்பக் கட்டை அறுத்தேன்.

பதில்: ஒசாகா தமிழன்

மாஸ்டர் ஐயா, மரியாதையோட ஒரு கேள்வி. இவ்வளவு பழக்கம் இருந்தும் டோக்கியோ ஒலிம்பிக்ல சொந்த ஊர்லயே ஜப்பான் முதல் மாத்தத்திலேயே கோட்டை விட்டாங்களே? இங்க எல்லாரும் தங்கம்னு எதிர்பார்த்து டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம்.

பதில்: பழைய பி.டி. மாஸ்டர்

ஆமாங்க, அன்னைக்கு எனக்கும் சோறு இறங்கலை. யமகதா கிளம்பின வேகத்துக்கு தடாவால எட்டிப் பிடிக்க முடியலை, ஸோன் முடிஞ்சு போச்சு. தங்கம் வேணும்னா மார்க்கைக் (கொடுக்கிறவர் அதைத் தாண்டினதும் வாங்குறவர் கிளம்பணும்னு தரையில வெக்கிற அடையாளம்) கொஞ்சம் தள்ளி வெச்சு, வாங்குறவர் சீக்கிரமாக் கிளம்பணும். அப்பதான் ரெண்டு பேரும் முழு வேகத்துல இருக்கும்போது கை மாறும். ஆனா கொடுக்கிறவர் துளி களைச்சாலும் எட்டாது. அவங்க துணிஞ்சு வெச்சுப் பார்த்தாங்க. அதுக்காக அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தம்பி கேட்ட கீழ்க்கை விஷயம்: ஜப்பான் 2001-லேர்ந்து இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. வாங்குறவர் கை இடுப்புக்கிட்ட, உள்ளங்கை கீழ பார்க்கும், ஓடுற வீச்சு கெடாது. ஆனா ரெண்டு பேரும் நெருங்கி வந்தாத்தான் கொடுக்க முடியும், மேலேயிருந்து கொடுத்தா ரெண்டு பேரோட கைநீளமும் லாபம். ஒரு மாசத்துல மாத்தாதீங்க. தெரிஞ்சதையே சுத்தமாச் செய்யுங்க. லண்டன் சமயத்துல ஸோன் 20 மீட்டர், இப்ப 30 மீட்டர், உங்களுக்கு இடம் தாராளமா இருக்கு.

பதில்: மூணாவது ஆள்

ரொம்ப நன்றி மாஸ்டர். தோஹா நேரத்தைச் சொன்னதும் ரூம்மேட் அமைதியாயிட்டான். ஒரு சிக்கல். நாலாவது ஆளுக்கு என் பாதத்தால 26 அடி எண்ணி மார்க் வெச்சிருக்கோம். அவன் கிளம்பினா என்னால எட்ட முடியலை, வராதுன்னு பயந்து அவனும் திரும்பிப் பாக்குறான்.

பதில்: பழைய பி.டி. மாஸ்டர்

நீங்க எண்ணக் கூடாது, அவரே அவர் ஸ்பைக்ஸ் போட்டு எண்ணணும். 26-ஐ 24 ஆக்குங்க. எட்டலைன்னா 23. முதுகுல மோதுற மாதிரி வந்தா ஒரு அடி கூட்டுங்க. ரெண்டு பேரும் முழு வேகத்துல ஓடித்தான் பார்க்கணும், பாதி வேகத்துல வெச்ச மார்க் மீட் அன்னைக்கு உதவாது. நாளில் நாலு தடவைக்கு மேல வேண்டாம், தொடை பிடிச்சுக்கும். ஒருத்தரைப் பக்கவாட்டுல, ஸோன் கோடு ரெண்டும் தெரியுற மாதிரி நிக்க வெச்சு வீடியோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.