மொண்டால்சினோவில் ஒரே ஒரு நாள்

கேள்வி:
அக்டோபரில் இத்தாலியின் சியேனாவில் தங்குகிறோம். ஒயினுக்குப் பேர்போன மொண்டால்சினோவுக்கு ஒரு நாள்தான். எனக்கு நடக்கப் பிடிக்கும், அம்மா கண்டிப்பான சைவம். ஒயின் இருவருக்கும் பழக்கமில்லை. போவது வீணா?

பதில் 1:
வீணே இல்லை. முதலில் கோட்டை, 1361-இல் எழுந்தது. 1555-இல் சியேனா வீழ்ந்தபோது தப்பி வந்தவர்கள் இந்தச் சிற்றூரில்தான் தங்கள் குடியரசை 1559 வரை காப்பாற்றினார்கள். மதில்மேல் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் தெற்கே சந்த் அந்திமோ மடாலயம்வரை நடங்கள். சுமார் 10 கிலோமீட்டர், காடும் திராட்சைத் தோட்டமுமாக மண்பாதை. மழைக்குப் பின் களிமண் ஷூவில் அப்பிக்கொள்ளும். திரும்பும் பஸ் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

பதில் 2:
அம்மாவுக்கு பீச்சி சொல்லுங்கள். கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. 'அல்யோனே' என்றால் பூண்டும் தக்காளியும் சேர்ந்த சாறு. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். பெக்கோரினோ சீஸ் வேண்டாம், பாலைத் திரிக்கப் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
சீஸ் விஷயம் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி! அந்த ஊரின் புருனெல்லோ ஒயினை ஒரு வாய் ருசிக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. சாஞ்சோவேசே என்ற ஒரே வகைத் திராட்சையில் மட்டும்தான் செய்வார்கள். அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். நடை முடிந்த பிறகு குடியுங்கள்.